மூன்றாம் கட்டத்தில் பஸ் வரும்

ராவன்ஷாவுக்கு பஸ் நின்றுபோய் ஆறு வருஷம் கழித்து, போன வருஷம் மார்ச் மாதத்தில், பஸ் நிறுத்தம் வந்து சேர்ந்தது.

லேசுப்பட்ட நிறுத்தமா அது! மூன்று பக்கமும் கண்ணாடி, மஞ்சள் கூரை, வெயிலில் சார்ஜ் ஏறும் விளக்கு, கூரைமேல் தேனீக்களுக்கென்று ஒரு பாத்தி பூச்செடி. வெயிலும் தேனீயும் அந்த மலைச்சரிவுக்கு வருஷத்தில் மூன்று வாரம் வந்தால் அதிகம். உள்ளே ஒரு மின்பலகை. '63, கெல்டர்ஃபோர்டு, விரைவில்' என்று அதில் ஆரஞ்சு எழுத்துகள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஊரில் நாற்பது வீடு, ஒரு பப், பூட்டிக் கிடக்கும் ஒரு சர்ச். இவ்வளவு அழகான பொருள் அந்த ஊரில் வேறெதுவும் கிடையாது.

இதற்கெல்லாம் காரணம் கிளெண்டா ஹாய்ல்தான். அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் புருஷன் நெவில் இருபத்தாறு வருஷம் அதே 63-ஐ ஓட்டியவன். சர்க்கரை வியாதி முதலில் அவன் கண்ணைக் கெடுத்தது, பிறகு சிறுநீரகத்தை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வேன் வாசலுக்கு வரும். பதினொரு மைல் தள்ளி கெல்டர்ஃபோர்டில் நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு அதே வேனில் திரும்புவான். வேனில் நோயாளியை மட்டும்தான் ஏற்றுவார்கள், பெண்டாட்டிக்கு இடமில்லை என்பது விதி. பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டவளுக்குக் காரெதற்கு என்று கிளெண்டா கார் ஓட்டக் கற்கவே இல்லை. நெவிலுக்கோ ஊசி என்றால் குழந்தையைப் போல பயம். அந்த இரண்டு நிமிஷம் அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காக 63-ஐ மறுபடி விடச்சொல்லி வீடு வீடாகப் போய் கையெழுத்து வாங்கி மேயருக்கு அனுப்பினாள்.

மேயர் கிறிஸ்பின் ஆர்மராட் பிறந்தது கெல்டர்ஃபோர்டு ஆஸ்பத்திரியில். நாலு வயதில் தெற்கே போய்விட்டார். படகு வைத்திருப்பவர்கள் குடியிருக்கும் ஒரு கடலோரத் தொகுதிக்குப் பதினெட்டு வருஷம் எம்.பி. கலைத்துறை மந்திரியாக எட்டு மாதம், சிறைத்துறை மந்திரியாக ஐந்து மாதம், போக்குவரத்து மந்திரியாகப் பதினொரு மாதம். கட்சித் தலைவர் பதவிக்கு இரண்டு முறை நின்றார். முதல் முறை வாங்கியதைவிட இரண்டாம் முறை குறைவாக வாங்கினார். அதற்கு மறுநாள் காலையில்தான் தாம் எங்கே பிறந்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

லண்டனில் ரயில் ஏறும்போது அவர் கிறிஸ்பின். கெல்டர்ஃபோர்டில் இறங்கும்போது கிறிஸ். கோட்டும் டையும் வழியில் எங்கோ கழன்றுவிட்டன. லண்டனில் இருந்தவரை யாரையும் 'கண்ணு' என்று கூப்பிட்டறியாதவர், இங்கே வந்ததும் பிஷப்பைக்கூட 'கண்ணு' என்றார். ஒவ்வொரு பேச்சுக்கு முன்னாலும் ஒரு பெரிய குவளையில் கறுப்பாகத் தேநீர் வரும். அதைக் குடித்தாரா என்று யாரும் கவனித்ததில்லை, பிடித்துக்கொண்டு நிற்பார்.

வட்டார மேயருக்கு மூன்று அதிகாரங்கள் உண்டு. கூட்டம் கூட்டலாம். லண்டனுக்குக் கடிதம் எழுதலாம். எதற்காவது பெயர் வைக்கலாம். மூன்றையும் அவர் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் பிரயோகித்தார்.

நிறுத்தத் திறப்பு விழாவுக்கு மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தார்கள். மழை பக்கவாட்டில் அடித்தது. கிளெண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெவிலும் வந்திருந்தான்.

"ராவன்ஷாவ லண்டன் மறந்துடுச்சு!" என்று தொடங்கினார் மேயர். "நான் மறக்கல. போன வாரம்கூட மேப்புல தேடிப் பார்த்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி லண்டன்ல எவனோ ஒருத்தன், சூடான ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு, ஒரே ஒரு கையெழுத்துல உங்க 63-ஐ நிறுத்தினான். அவனுக்கு இந்த மலை தெரியுமா? இந்தக் குளிர் தெரியுமா?"

"அந்த வருஷம் போக்குவரத்து மந்திரி நீங்கதானே?" என்றான் நெவில். கண்தான் போயிருந்தது, குரல் போகவில்லை.

கூட்டத்தில் எல்லோரும் தத்தம் காலணியைப் பார்த்துக்கொண்டார்கள். மேயர் குவளையைக் கை மாற்றினார்.

"அருமையான கேள்வி கண்ணு. ஆமா, நான் உள்ள இருந்தேன். உள்ள இருந்துக்கிட்டே கடுமையா எதிர்த்தேன்."

"கையெழுத்து?"

"எதிர்ப்போடதான் போட்டேன். வேணும்னா எடுத்துப் பாருங்க, கொஞ்சம் கோணலா இருக்கும்."

நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

"பஸ் எப்போ வரும்?" என்று கேட்டாள் கிளெண்டா.

"மூணாம் கட்டத்துல. முதல் கட்டம், மக்கள் சொல்றதைக் கேக்கறது. ரெண்டாம் கட்டம், ஸ்டாப்பு. பஸ்ஸ முதல்ல விட்டா நீங்கல்லாம் எங்க கண்ணு நிப்பீங்க? இந்த மழையில உங்கள நனைய விட எனக்கு மனசு வருமா?"

ரிப்பன் வெட்டினார்கள். மேயர் இருக்கையில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல ஒரு படம், எட்டிப் பார்ப்பது போல ஒரு படம். பிறகு காரில் ஏறிப் போனார்.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது நெவில் சொன்னான். "இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினேன், மழைக்கு ஒதுங்க ஒரு தகரம்கூட போடல. இப்போ ஓட்ட ஆளும் இல்ல, பஸ்ஸும் இல்ல, கூரையில பூச்செடி!"

"சும்மா இரு. ஏதோ ஒண்ணு வந்துச்சில்ல," என்றாள் கிளெண்டா.

பதினொரு நாள் கழித்துக் கடிதம் வந்தது. 'தங்கள் இல்லத்திலிருந்து நூற்று எண்பது மீட்டர் தொலைவில், கூரையும் இருக்கையும் கொண்ட முதல்தரப் பேருந்து நிறுத்தம் அமைந்துள்ளதை மகிழ்ச்சியுடன் அறிகிறோம். இருநூறு மீட்டருக்குள் நிறுத்தம் உள்ளவர்களுக்கு ஆஸ்பத்திரி வாகனம் வழங்க விதியில்லை. திங்கள்கிழமை முதல் தங்கள் பயணம் இனிதாகுக.'

கிளெண்டா போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிஷம் வயலின் வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள், நல்ல மாதிரியான குரல்.

"உங்க வீட்டுப் பக்கத்துல ஸ்டாப் இருக்கா இல்லையா கண்ணு?"

"இருக்கு. ஆனா பஸ் கிடையாது."

"பஸ் இருக்கான்னு என் கம்ப்யூட்டர் கேக்கலையே. ஸ்டாப் இருக்கான்னுதான் கேக்குது."

"என் புருஷனுக்கு டயாலிசிஸ். போகலைன்னா செத்துடுவான்."

"ஐயோ, பாவம். அதுக்கு ஒரு கட்டம் இருக்கு, இருங்க... ஆங், டிக் பண்ணிட்டேன். ஆனா அந்தக் கட்டத்தால ஒண்ணும் மாறல."

கீழ்வீட்டு பாலின் லம்மிடம் பதினேழு வயதான ஒரு கார் இருந்தது. திங்களும் புதனும் அவள் கொண்டுபோய் விட்டாள். வெள்ளிக்கிழமை யார் அகப்படுகிறார்களோ அவர்கள். யாரும் அகப்படாத வெள்ளிக்கிழமைகளும் இருந்தன. வாரா வாரம் டாக்ஸி பிடிக்கிற வசதி அந்த வீட்டில் இல்லை. அந்த மாதிரி வாரங்களில் நெவிலின் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், ராத்திரி முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பான். கிளெண்டாவும் எதிரே உட்கார்ந்திருப்பாள். அந்தக் கையெழுத்துகளை வாங்கப் போன தன் காலை ஒடித்துப் போடலாம் போல அவளுக்கு இருந்தது.

ஜூன் மாதம் மேயரின் 'கேட்கும் கூட்டம்' கெல்டர்ஃபோர்டு நகர மண்டபத்தில் நடந்தது. பாலின் கொண்டுபோய் விட்டாள். வாசலில் மேயர் அலுவலகத்தின் மக்கள் இணைப்பு இயக்குநர் இமோஜென் ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுச்சீட்டும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தாள். மனதில் உள்ளதை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். கிளெண்டா எழுதினாள்: 'எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தை எடுத்துவிடுங்கள்.'

இமோஜென் அதைப் படித்துவிட்டு, 'நிறுத்தங்கள் குறித்த ஆழ்ந்த ஈடுபாடு' என்று எழுதியிருந்த பலகைக்குக் கீழே ஒட்டினாள்.

"நான் எடுக்கச் சொல்றேம்மா!"

"புரியுதுங்க. ஆனா நிறுத்தம் வைக்கறதுக்குத்தான் எங்ககிட்ட விண்ணப்பம் இருக்கு. எடுக்கறதுக்கு இல்லை. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க."

"நான் கேக்கறேனே."

இமோஜென் கொஞ்சம் யோசித்தாள். கெட்ட பெண் இல்லை. "செப்டம்பர்ல பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வருது. யாருமே நிறுத்தத்தை உபயோகிக்கலைன்னு அதுல வந்தா, மறுபரிசீலனை பண்ண வழி இருக்கு."

அதற்குள் மேயர் வந்து கிளெண்டாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவள் சொன்னதை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முழுசாகக் கேட்டார். சும்மா சொல்லக் கூடாது, கேட்பதில் மனிதர் கெட்டிக்காரர்.

"என்னை உலுக்கிட்டீங்க கண்ணு. இதை நான் என்னோட எடுத்துட்டுப் போறேன்."

"எங்க எடுத்துட்டுப் போறீங்க? எடுக்க வேண்டியது ஸ்டாப்பை."

"லண்டனுக்குக் கடிதம் எழுதறேன். காட்டமா எழுதறேன்."

"வேனை நிறுத்தினது லண்டன் இல்லையே, உங்க ஸ்டாப்பு."

"பாத்தீங்களா? நம்மளுக்குள்ளயே சண்டை மூட்டி விட்டுட்டாங்க லண்டன்காரங்க."

கணக்கெடுப்பு நடந்த செப்டம்பர் காலையில் கிளெண்டா வீட்டோடு கிடந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அட்டையில் 'இங்கே பஸ் வராது' என்று கொட்டை எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, எட்டு மணிக்கே போய் நிறுத்தத்தில் நின்றாள். கணக்கெடுப்பவன் வந்தால் கண்ணில் படட்டும் என்று எண்ணம்.

முதலில் நாயோடு வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் கார்த்வைட். கிளெண்டா நிற்பதைப் பார்த்தார். ஒரு அடி இடைவெளி விட்டு அவள் பின்னால் நின்றார். அடுத்து பப்காரரின் மனைவி. அவர் பின்னால் நின்றாள். ஒருவர் நின்றால் பின்னால் நிற்பது, எதற்கு வரிசை என்று கேட்காமலிருப்பது, இந்த இரண்டும் அந்த ஜனங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. முன்னால் எட்டிப் பார்த்து அட்டையைப் படித்தால் வரிசையில் புக நினைக்கிறான் என்று ஆகிவிடும். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பதரைக்கெல்லாம் பதினாலு பேர்.

"போங்க! வீட்டுக்குப் போங்க!" என்று கத்தினாள் கிளெண்டா. "உங்களை எண்ணிடுவான்!"

"நல்லாருக்கே," என்றார் கார்த்வைட். "முதல் ஆளா நின்னுக்கிட்டு எங்களைப் போகச் சொல்றியா?"

சாலையோரக் காரில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் எண்ணிக்கொண்டிருந்தான். பத்தேகாலுக்கு மழை வலுத்ததும் எல்லோரும் கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள். அதையும் அவன் எழுதிக்கொண்டான்.

அக்டோபரில் அறிக்கை வந்தது. கிளெண்டா அதை நெவிலுக்குப் படித்துக் காட்டினாள். 'காத்திருந்த பயணிகள், பதினாலு. சராசரிக் காத்திருப்பு, தொண்ணூற்றைந்து நிமிடம். பொதுமக்களின் பொறுமை மெச்சத்தக்கது. நிறுத்தத்தை விரிவாக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.'

நெவில் சிரித்தான். சிரித்தது இருமலாகி, அது நிற்க வெகுநேரமாயிற்று.

"நான் ஓட்டின காலத்துல பதினாலு பேர் ஒண்ணா ஏறினதே இல்ல கிளெண்டா. மூணு பேர், ஒரு ஆட்டுக்குட்டி."

"எல்லாம் என்னாலதான்."

"ஆமா, உன்னாலதான்," என்றான் அவன். "என் கையைப் பிடிச்சுக்கணும்னுதானே கேட்ட. பிடிச்சுக்கோ இப்போ."

அவள் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பரில் பனி விழுந்தது. புதன்கிழமை பாலினின் கார் மேட்டில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை யாருடைய காரும் ஏறவில்லை. கிளெண்டா ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். மூச்சு நிற்கவில்லை என்பதால் அவன் அவசரம் இரண்டாம் வகை என்றும், பாதை திறந்ததும் வருவார்கள் என்றும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நெவில் நாற்காலியில் இறந்து கிடந்தான். அறுபத்தெட்டு வயது. நூற்று எண்பது மீட்டர் தள்ளி ஆரஞ்சு எழுத்துகள் 'விரைவில்' என்று ஓடிக்கொண்டிருந்தன. கிளெண்டா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி அழுதாள்.

பிப்ரவரியில் மேயர் தம்முடைய மூன்றாவது அதிகாரத்தைக் கையில் எடுத்தார். ஒரு தேக்குப் பெஞ்சியும் பித்தளைத் தகடும் வந்தன. நிறுத்தத்துக்கு 'நெவில் ஹாய்ல் நினைவு நிறுத்தம்' என்று பெயர் சூட்டினார்கள்.

"நெவில் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு," என்றார் மேயர், குவளையைப் பிடித்துக்கொண்டு. "அந்தக் கேள்வி இன்னைக்கும் என் காதுல ஒலிக்குது. என்ன கேள்விங்கறது முக்கியமில்ல. கேட்டாருங்கறதுதான் முக்கியம். இந்த ஸ்டாப்புக்காகவே வாழ்ந்த மனுஷன்!"

"இந்த ஸ்டாப்பாலதான் செத்தான்," என்றாள் கிளெண்டா.

மேயர் உடனே அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். சட்டையில் குத்தியிருந்த மைக் அவள் முகத்துக்கும் அவர் மார்புக்கும் நடுவே அமுங்கிவிட்டது. அன்று சாயங்காலச் செய்தியில் படம் மட்டும் வந்தது. 'விதவைக்குத் தோள் கொடுத்த மேயர்.'

அதற்கடுத்த மாதமே அவர் மேயர் பதவியை விட்டார். நானூற்றுப் பன்னிரண்டு நிறுத்தங்கள் திறந்த சாதனைக்காக அவரைப் பிரபுக்கள் சபைக்கு உயர்த்தியிருந்தார்கள். பிரபு ஆகிறவர் பட்டத்தோடு ஓர் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் 'ராவன்ஷாவின் ஆர்மராட் பிரபு' என்று சேர்த்துக்கொண்டார். லண்டனை இனி உள்ளேயிருந்து எதிர்க்கப் போவதாக ரயில் நிலையத்தில் பேட்டி கொடுத்தார். மூன்றாம் கட்டத்தைப் பற்றி யாரோ கேட்டார்கள். அது வருங்காலத் தலைமுறையின் கையில் இருக்கிறது என்றார்.

ஏப்ரலில் பாலினுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், கார் ஓட்டக் கூடாது. வேனுக்கு எழுதிப் போட்டாள். பதில் வந்ததும் எடுத்துக்கொண்டு கிளெண்டாவின் சமையலறைக்கு வந்தாள், ஆனால் கொடுக்கத் தயங்கினாள்.

"நீ படிக்க வேணாம் கிளெண்டா. சும்மா டீ போடு."

கிளெண்டா பிடுங்கிப் படித்தாள். 'தங்கள் இல்லத்திலிருந்து நூற்றைம்பது மீட்டர் தொலைவில் நெவில் ஹாய்ல் நினைவு நிறுத்தம் உள்ளதால், தங்களுக்கு வாகனம் வழங்க இயலாது.'

அவன் பெயரை அவள் மூன்று தடவை படித்தாள். ஒரு நாள்கூட நேரம் தவறாமல் பஸ் ஓட்டியவன். இப்போது அவனைக் காட்டி ஒரு நோயாளியை வீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பின்கட்டுக் கொட்டகைக்குப் போய் நெவிலின் பெரிய ஸ்பேனரை எடுத்தாள்.

சனிக்கிழமை, காலை பதினொரு மணி, பட்டப்பகல். கிளெண்டா மண்டி போட்டு முதல் போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு நாய் குரைத்தது. கார்த்வைட் ஒரு அடி இடைவெளி விட்டு நின்றுகொண்டிருந்தார்.

"ரொம்ப நேரமாகுமா கிளெண்டா?"

"பதினாறு போல்ட்டு இருக்கு."

"சரி. நீ முடிச்சதும் ஸ்பேனரை இங்க குடு."

அவர் பின்னால் பப்காரரின் மனைவி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பதின்மூன்று பேர். இந்தத் தடவை எதற்கு வரிசை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் முண்டவில்லை, யாரும் இரண்டு போல்ட்டு எடுக்கவில்லை. மூன்று மணிக்கு மின்பலகை அணைந்தது. கண்ணாடிகளைச் சுவரோரம் அடுக்கி, பூச்செடிகளை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பித்தளைத் தகட்டைக் கிளெண்டா வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு ஆய்வாளர் வந்து வெறும் சிமென்டுத் தரையைப் படம் பிடித்து, 'நிறுத்தம் இல்லை' என்று பதிந்தார். பாலினுக்கு வேன் வந்துவிட்டது.

கிளெண்டாவுக்குச் சம்மன் வந்தது, வரிசையில் முதலில் நின்றவள் என்பதால் அவளுக்கு மட்டும். மேயர் அலுவலகச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காகவும் நினைவுச்சின்னத்தை அவமதித்ததற்காகவும் வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கெல்டர்ஃபோர்டு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். அடியில் ஒரு குறிப்பு இருந்தது. 'வாகன நிறுத்தும் வசதி இல்லை. நெவில் ஹாய்ல் நினைவு நிறுத்தத்திலிருந்து பேருந்து எண் 63-ல் வரவும்.' ஒரு அலுவலகத்தின் கம்ப்யூட்டரில் இல்லாமல் போன நிறுத்தம் இன்னொரு அலுவலகத்தின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே கிளெண்டா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நீதிபதி கேட்டால் காட்டலாம் என்று தகட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். நடையை எட்டிப் போட்டால் பத்தரைக்குப் போய்விடலாம். இரண்டு மைல் தாண்டியபோது பின்னாலிருந்து ஆஸ்பத்திரி வேன் வந்து பக்கத்தில் மெதுவாகியது. உள்ளே பாலின் மட்டும் இருந்தாள். நெவில் எப்போதும் உட்காரும் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது.

டிரைவர் கண்ணாடியை இறக்கினான். முகம் தொங்கிப் போயிருந்தது.

"மன்னிச்சுக்கோ கண்ணு. நோயாளிங்களை மட்டும்தான்... உள்ள கேமரா வேற வெச்சிருக்காங்க."

"தெரியும் கண்ணு. நீ போ, அவளுக்கு நேரமாகுது."

பாலின் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வேன் வளைவில் மறையும்வரை கிளெண்டா கையாட்டினாள். பிறகு நடக்கத் தொடங்கினாள். இன்னும் ஒன்பது மைல் இருந்தது.